அந்தப்புரத்துக்குப் போகும் வழியில்

மகளின் கொலுசில் கொக்கி போய்விட்டது. அதைச் சரிசெய்யப் போன சனிக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பினோம். வண்டி நிறுத்த இடம் கிடைத்தது கிங் ஸ்ட்ரீட்டில். போக வேண்டிய கடையோ குவீன் ஸ்ட்ரீட் பக்கம். ஜார்ஜ்டவுனில் இந்த இரண்டு தெருக்களும் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன. ராஜா தெருவிலிருந்து ராணி தெருவுக்குப் போகக் குறுக்கே ஏதாவது ஒரு தெருவைப் பிடித்தாக வேண்டும். நாங்கள் பிடித்தது பசார் தெரு. ஒரு கடையில் பாட்டு, அடுத்த கடையில் அதைவிடச் சத்தமாக வேறு பாட்டு, நடுவில் வடை பொரியும் வாசம். உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் கதை சொல்லும் போட்டி. அவளுக்குக் கிடைத்த தலைப்பு பாண்டியன் நெடுஞ்செழியன். வீட்டில் ஒரு வானொலி அறிவிப்பாளர் இருந்தால் பயிற்சி கொடுப்பது யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும். வண்டியில் வரும்போதே கோவலன் கொலையுண்ட கதையை ஒரு முறை சொல்லி முடித்திருந்தேன். பசார் தெருவில் பாதி தூரம் வந்ததும் கேட்டாள்:

"அந்த ராணிக்கு நிஜமாவே தலைவலியாம்மா?"

சிலப்பதிகாரம் என்றால் நம் கண்முன் முதலில் வருவது தலைவிரி கோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு நிற்கும் கண்ணகிதான். 1964இல் வந்த 'பூம்புகார்' படத்தில் விஜயகுமாரியைப் பார்த்த தலைமுறைக்கு அந்தக் குரல் இன்றும் காதில் இருக்கும். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் நம் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாவது மாநாடு 1968இல் சென்னையில் நடந்தபோது மெரினா கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை வைத்தார்கள். ராணியின் தலைவலியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? நானும் கதை சொல்லும்போது அதை அரை வாக்கியத்தில் தாண்டிப் போயிருந்தேன். ஆனால் ஒரு நகரத்தையே எரித்த நெருப்பின் முதல் பொறி அந்தத் தலைவலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அரசவையில் ஆடலும் பாடலும் நடக்கின்றன. பாண்டியன் ரசித்துப் பார்க்கிறான். கோப்பெருந்தேவியும் பார்க்கிறாள், ஆட்டத்தை அல்ல, ஆட்டத்தைப் பார்க்கும் கணவனை. ஆடும் பெண்களிடம் இவர் மனம் போய்விட்டது என்று அவளுக்குப் படுகிறது. ஆனால் அவள் அரசி. சபை நடுவே சண்டை போட முடியாது. தலை வலிக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். ஆகவே தலைவலி பொய், வலி நிஜம். உலகத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை தலைவலிகள் இந்த ரகம் என்று இளங்கோவடிகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. துறவிக்கு எப்படித் தெரிந்தது என்பது வேறு கேள்வி.

அரசனுக்குப் புரிந்துவிடுகிறது. அமைச்சர்களை விட்டுவிட்டு எழுகிறான். பணிப்பெண்கள் உடன்வர, தேவியின் அரண்மனையை நோக்கி நடக்கிறான். இந்தச் சின்ன விவரத்தைக் கவனியுங்கள். 'இருங்கள் அரசே, விசாரிப்போம்' என்று சொல்லக்கூடிய ஒருவரும் இப்போது அவன் பக்கத்தில் இல்லை. காவல் உள்ள வாசலை நெருங்கும்போது ஒருவன் வந்து காலில் விழுகிறான். அரண்மனைப் பொற்கொல்லன். நூறு கொல்லர்கள் பின்னால் வர மதுரைத் தெருவில் நடக்கும் அளவுக்குப் பெரிய மனிதன். தேவியின் சிலம்பைத் திருடியவன் அவனேதான். சற்று முன்புதான் ஒரு வெளியூர்க்காரன் ஒற்றைச் சிலம்பை விற்க வந்து அவனிடமே விலை கேட்டிருக்கிறான். தன் திருட்டை அடுத்தவன் தலையில் கட்ட இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்? சிலம்பு திருடிய கள்வன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான்.

அரசன் உட்காரவில்லை. யார், எந்த ஊர், எப்போது என்று ஒரு கேள்வி இல்லை. ஊர்க்காவலரைக் கூப்பிடுகிறான். என் தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று உத்தரவு போடுகிறான். போட்டுவிட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போகிறான்.

இங்கே பழைய விளக்கம் ஒன்று உண்டு. அரசன் சொல்ல நினைத்தது 'கொல்ல' என்ற சொல்லாம்; கொல்வதற்காக அவனை இங்கே கொண்டு வாருங்கள் என்பது பொருள். ஊழ்வினை முற்றிய நேரம், வாயில் வந்தது 'கொன்று'. ஒரு சொல்லின் கடைசி அசை மாறியதில் ஒரு உயிர் போயிற்று. ஒலிவாங்கி முன்னால் உட்காரும் யாருக்கும் இந்த விளக்கம் வயிற்றைக் கலக்கும். நேரலையில் ஒரு சொல் பிசகிவிட்டால் அதைத் திரும்பப் பிடிக்க வழியில்லை என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். ஆனாலும் எனக்கு இந்த விளக்கத்தில் முழு உடன்பாடில்லை. நாக்குப் பிறழ்ந்தது என்று சொல்லிவிட்டால் அரசன் சுலபமாகத் தப்பித்துவிடுகிறான். பிறழ்ந்தது நாக்கு இல்லை, கால். அது நிற்கவே இல்லையே!

கொலைக்களத்துக்குப் போன காவலர்கள்கூட அவனைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். கோவலனைப் பார்த்ததும், இவனைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் திருட்டுக் கலையைப் பற்றி ஒரு பெரிய பாடமே நடத்த வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகும் தயக்கம். கடைசியில் விவரமறியாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கூலிக்கு வேல் பிடித்தவர்களுக்கு வந்த சந்தேகம் செங்கோல் பிடித்தவனுக்கு வரவில்லை.

பொதுவாக இந்த இடத்தில் நாம் ஒரு தீர்ப்பு எழுதிவிடுவோம். மனைவி மேல் உள்ள மயக்கத்தில் கடமையை மறந்தான். காதல் பக்கம் சாய்ந்தான், நீதி தவறியது. போட்டிக்கு நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். மகள் பசார் தெருவும் குவீன் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனையில் நின்று கேட்டாள்:

"அது ராணியோட சிலம்புதானே? ராஜா அந்த ராணிகிட்டதானே போய்க்கிட்டு இருந்தாரு? அந்த ஆளையும் கூட்டிட்டுப் போயி அவங்ககிட்டயே கேட்டிருக்கலாமே?"

எனக்குப் பதில் வரவில்லை. இருபது வருடமாகத் தெரிந்த கதை. பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோது இதே காட்சியை வானொலி நாடகமாக எழுதிப் பாராட்டும் வாங்கியவள் நான். இது தோன்றவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சிலம்பு யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய ஒரே பெண் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். உள்ளே இருப்பது முத்து என்று அரசனுக்கே தெரியும். பின்னால் வழக்கு நடக்கும்போது அவன் வாயாலேயே சொல்கிறான். கண்ணகியின் சிலம்பிலோ மாணிக்கம். கொண்டு வரச் சொல்லித் தேவி கையில் கொடுத்திருந்தால் முடிந்தது வழக்கு. அன்பு ஒரு பக்கம், கடமை எதிர்ப்பக்கம் என்று அவனை இரண்டு கயிறு இழுத்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டும் ஒரே கதவுக்குப் பின்னால் இருந்திருக்கின்றன. கடமையை வாசலிலேயே கைகழுவிவிட்டு உள்ளே போனால் சமாதானம் செய்ய நேரம் கிடைக்கும் என்று அவன் கணக்குப் போட்டான். அந்த ஊடல் தீர்ந்த காட்சியும் காப்பியத்தில் இல்லை.

வாசலில் நின்று ஒரு வரியில் விஷயத்தை முடிப்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த இடத்தில் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். தீபாவளி சமயம், நேயர் போட்டிக்கு நான்தான் பொறுப்பு. ஏழு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று சொன்னவள் எட்டரைக்கும் நிலையத்தில் இருந்தேன். தொலைபேசியில் கூப்பிட்டால் பிள்ளை பேச மாட்டேன் என்கிறாள். அப்பா ஃபோனைக் காதில் வைத்தாலும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஐந்து வயதின் ஊடல் கோப்பெருந்தேவியின் ஊடலுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கும்போது சக ஊழியர் ஒருவர் வழிமறித்தார். பரிசுப் பற்றுச்சீட்டில் இரண்டைக் காணவில்லை; பகுதிநேரமாக வரும் அந்தக் கல்லூரிப் பையன்தான் மதியம் அந்த அறையில் இருந்தான் என்றார். நான் நிற்கவில்லை. "நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றேன். இரண்டு படிக்கட்டு இறங்கும் நேரம்தான் ஆனது.

வீட்டுக்குப் போனபோது பிள்ளை சட்டைகூட மாற்றாமல் தூங்கிப் போயிருந்தாள். கேக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது.

மூன்று நாள் கழித்து அந்தப் பற்றுச்சீட்டுகள் என் இழுப்பறையில், நானே ஒரு நிகழ்ச்சிக் குறிப்புக்குள் சொருகி வைத்த உறையில் கிடந்தன. பையனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் திரும்பி வரவில்லை. யாரும் சாகவில்லை, ஊர் எரியவில்லை. ஆனால் அந்தப் படிக்கட்டில் இறங்கும்போது இன்றும் என் கால் கொஞ்சம் தயங்கும்.

நெடுஞ்செழியன் கெட்டவன் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் முள். ஆரியப்படை கடந்தவன் என்று பெயர் எடுத்தவன். புறநானூற்றின் 183ஆவது பாட்டு அந்தப் பெயர் கொண்ட அரசன் பாடியதுதான். கல்வியின் பெருமையைச் சொல்லும் பாட்டு. ஒரு குடும்பத்தில் மூத்தவன் என்பதற்காக அல்ல, அறிவுடையவன் எவனோ அவன் காட்டும் வழியில்தான் அரசும் நடக்கும் என்ற பொருளில் போகிறது. இதை எழுதத் தெரிந்தவனுக்கு அன்று மாலை அறிவுடையவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு நெடுஞ்செழியனும் இருக்கிறான், தலையாலங்கானத்தில் போர் வென்றவன். பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை அவனைப் பற்றியது என்பது மரபு. 188 அடிகளில் இரண்டு காட்சிகள். ஒன்று அரண்மனை. வாடைக் குளிர், யானைத் தந்தத்தில் செய்த கட்டில், அதில் அரசி தூக்கமில்லாமல் கிடக்கிறாள். மேல்விதானத்தில் சந்திரனும் ரோகிணியும் பிரியாமல் இருப்பதாக ஓர் ஓவியம். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். இன்னொன்று போர்க்களப் பாசறை. நடு இரவு, தூறல். அரசன் தூங்காமல் சில பேரோடு நடந்து போய்க் காயம்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறான். அவன் அவளை நினைத்தானா என்று நக்கீரர் சொல்லவே இல்லை. வேலில் சூட்டிய வேப்பந்தழையை ஓரிடத்தில் காட்டுகிறார். வேம்பு பாண்டியர் அடையாளம். அந்த ஒரு தழை இல்லாவிட்டால் இது அகப்பாட்டு. இருப்பதால் புறப்பாட்டாகிவிட்டது என்பார்கள். இரவு முழுக்க ஒரு மனைவியை அழவிட்டதற்கு அந்த அரசனும் கணக்குச் சொல்ல வேண்டியவன்தான். ஆனால் அவன் எங்கே நின்றானோ அங்கே முழுதாக நின்றான்.

நம் பாண்டியனும் ஒரு முறை அப்படி நின்றான், மிகத் தாமதமாக.

கண்ணகி வாசலில் வந்து நிற்கிறாள். வாயிற்காவலன் பயந்துபோய் வந்து சொல்கிறான், இவள் காளியா துர்க்கையா என்று தெரியாத குழப்பத்தில். கோப்பெருந்தேவியும் இப்போது அவையில்தான் இருக்கிறாள். கெட்ட கனவு கண்டு, செங்கோலும் குடையும் விழக் கண்டு, பதறிக் கணவனிடம் வந்திருக்கிறாள். தலைவலி என்று போனவள் தானாகவே திரும்பி வந்ததைப் பாருங்கள். அரசன் கண்ணகியை உள்ளே விடச் சொல்கிறான். நீ யார் என்று கேட்கிறான். கோவலனிடம் கேட்க மறந்த அதே கேள்வி! அவள் ஆராய்ந்து பார்க்காத மன்னன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். சோழர் நீதியை எடுத்து வீசுகிறாள். அவன் கோபப்படவில்லை. கள்வனைக் கொல்வது முறைதானே என்கிறான். உன் சிலம்பில் என்ன பரல் என்று வந்து நிற்கிறது பேச்சு. சிலம்பைக் கொண்டு வரச் சொல்லி அவள் முன்னாலேயே வைக்கிறான். உடைகிறது. தெறித்தது மாணிக்கம்.

இந்த இடத்தில் தப்பிக்க அவனுக்கு எத்தனை வழி இருந்தது! பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான் எனலாம். காவலன் அவசரப்பட்டான் எனலாம். சொல் பிறழ்ந்தது எனலாம். எதையும் சொல்லவில்லை. பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட நான் அரசனே அல்ல, கள்வன் நானே என்று ஒப்புக்கொண்டு விழுந்து உயிர் விடுகிறான். கணவனை இழந்தவளுக்கு இனி எதைச் சொல்லித் தேற்ற முடியும் என்று நடுங்கிய தேவி அவன் காலைத் தொட்டபடி சாய்கிறாள். ராஜாவும் ராணியும் கடைசியில் சேர்ந்த இடம் அதுதான்.

"அப்ப கோர்ட் எல்லாம் கிடையாதா?" என்று மகள் கேட்டாள். குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து லைட் ஸ்ட்ரீட் உயர்நீதிமன்றம் நடக்கிற தூரம்தான். 1807இல் வந்த நீதிச் சாசனத்தின்படி இந்த மண்ணின் முதல் ஆங்கிலேய நீதிமன்றம் 1808இல் நம் பினாங்கில்தான் தொடங்கியது என்று சொல்லி வைத்தேன். மதுரையில் கோர்ட், நீதிபதி, போலீஸ் எல்லாமே அந்த ஒரு ஆள்தான், அதுதான் சிக்கல் என்றேன். "அவருக்கு லீவே கிடையாதா?" என்றாள். கிடையாது. அவன் மனைவியைச் சமாதானம் செய்யப் போன அந்தச் சில நிமிடங்கள்தான் அவன் எடுத்துக்கொண்ட லீவு.

சிலப்பதிகாரம் இதோடு முடிந்திருந்தால் கணவன் மனைவி அன்பே ஆட்சிக்கு ஆபத்து என்று யாராவது பாடம் எடுத்திருப்பார்கள். ஆனால் மூன்றாவது காண்டத்தில் இளங்கோ இன்னொரு அரச தம்பதியைக் கொண்டு வந்து நிறுத்துகிறார். சேரன் செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளோடு மலைவளம் காணப் போயிருக்கிறான். பெரியாற்றங்கரையில் மணல்மேட்டில் தங்கியிருக்கும்போது குன்றவர்கள் வந்து ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறார்கள். சாத்தனார் மிச்சத்தைச் சொல்கிறார். வளைந்த செங்கோலைத் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் பாண்டியன் என்று செங்குட்டுவன் வருந்துகிறான். மழை பொய்த்தால் பயம், உயிர்கள் வருந்தினால் பயம், அரசனாகப் பிறப்பது துன்பம்தான் என்கிறான். பிறகு அவன் செய்வது எனக்குப் பிடித்த காரியம். மனைவியைத் திரும்பிப் பார்த்து, கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவி, நம் நாட்டுக்கு வந்த இந்தப் பத்தினி, இருவரில் யாரை நாம் வியப்பது என்று கேட்கிறான். வேண்மாள் தெளிவாகச் சொல்கிறாள்: அவளுக்கு வானுலகில் இடம் கிடைக்கட்டும், நம் மண்ணுக்கு வந்தவளை நாம் கும்பிட வேண்டும். அந்தப் பதிலில் பிறந்ததுதான் கண்ணகி கோயில்.

மதுரையில் கதவுக்கு வெளியிலேயே நின்றுபோன கேள்வி இங்கே கேட்கப்படுகிறது. (அதற்கப்புறம் சிலைக்குக் கல் எடுக்க இமயம் போகிறேன் என்று கிளம்பிய செங்குட்டுவன் 32 மாதம் வஞ்சியை விட்டுப் போய்விட்டான் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வேண்மாளுக்கு எத்தனை தலைவலி வந்ததோ!)

என் மகளின் ஐந்து நிமிடக் கதையில் சேர்க்காமல் விட்ட ஒன்று உண்டு. கண்ணகியின் சாபத்தால் பாண்டிய நாட்டில் மழை இல்லாமல் போனதாம். கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் அவள் கோபத்தைத் தணிக்க ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான் என்று நூலின் முகப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ஆயிரம் பேர். திருடியவன் ஒருவன். இந்த ஆயிரம் பேரையும் யாராவது உட்கார வைத்து விசாரித்தார்களா? ஆராயாமல் ஒரு உயிரை எடுத்ததற்கு, ஆராயாமல் ஆயிரம் உயிரை எடுத்துப் பரிகாரம். இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கடை வந்துவிட்டது.

உள்ளே மூலையில், சின்ன விளக்கடியில் பத்தர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். கொலுசை வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். மகள் உடனே, "உள்ள என்ன இருக்கு தாத்தா?" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு விஷயம் தெரியாது. "வெள்ளி முத்துதான்மா, சின்னச் சின்னதா" என்றார். தராசில் வைத்தார், எடையை எழுதினார், எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு எங்களுக்கும் காட்டினார். அதையும் எழுதினார். வெளியே வண்டிக்குக் காசு போட்ட நேரம் முடியப்போகிறது. கைப்பேசியில் கணவரின் இரண்டு அழைப்புகள், இரவுச் சாப்பாடு வாங்கி வருகிறோமா என்று. நான் காலை மாற்றி மாற்றி நின்றேன்.

பத்தர் நிதானமாகப் பேனாவை ரசீதின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒத்தையா கொடுத்திருக்கீங்க. ஜோடி எங்கம்மா?"

"வீட்ல இருக்கு தாத்தா" என்றாள் மகள்.

"அடுத்த வாரம் வரும்போது அதையும் எடுத்துட்டு வா. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டுத்தான் தருவேன்" என்று சொல்லி, அவள் பெயரைக் கேட்டு எழுதினார்.